திருத்த முடியாத மூன்று நிமிடம்

காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் கிராமபோன் தட்டுக்குப் பாடிய காலத்தில் ஒலிநாடா கிடையாது; மைக்கும் கிடையாது. ஒரு தகரக் கூம்பின் வாய்க்கு நேரே முகத்தை வைத்துப் பாட வேண்டும். கூம்பின் மறுமுனையில் மெல்லிய தகடு ஒன்று அதிரும். அதோடு பிணைந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் அந்த அதிர்வைக் கீறிக்கொண்டே போகும். மேல் ஸ்தாயியில் குரல் ஓங்கும்போது பாடகர் பின்னுக்குச் சாய வேண்டும். மந்தர ஸ்தாயிக்கு இறங்கும்போது கூம்பை நெருங்க வேண்டும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிடம். அதற்குள் ராகத்தைக் கோடிட்டுக் காட்டி, பல்லவி, அனுபல்லவி, சரணம் முடித்து நிறுத்தியாக வேண்டும். நடுவே தொண்டை கட்டினாலோ, சாகித்தியம் தடுமாறினாலோ, பக்கத்தில் யாராவது இருமினாலோ அந்த மெழுகு வீண். புது மெழுகை ஏற்றி, மறுபடி முதலிலிருந்து பாட வேண்டும்.

உயர்தர ஒலியை நாடும் ரசிகர்கள் இன்று 'டைரக்ட்-டு-டிஸ்க்' என்று பெரும் விலை கொடுத்துத் தேடும் தட்டுகளும் அடிப்படையில் இப்படிப் பிறந்தவைதான். பாட்டு நாடாவிலோ கணினியிலோ இடையில் தங்குவதில்லை. பாடும் கணத்திலேயே தட்டில் தடம் வெட்டப்படுகிறது. அன்று வேறு வழி இல்லாததால் அப்படிச் செய்தார்கள். இன்று எல்லா வழிகளும் இருக்கும்போது அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். இடையில் ஓடியது ஏறத்தாழ நூறு ஆண்டு. காஞ்சிபுரத்துச் சங்கீதம் அந்த நூறு ஆண்டையும் ஒருவிதத்தில் கடந்து வந்திருக்கிறது: சில குரல்கள் தட்டில் ஏறின, சில ஏறவே இல்லை.

இந்தியாவில் இந்தத் தொழில் 1902-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டின் இறுதியில் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் கருவிகளோடு இறங்கி, கௌஹர் ஜான் முதலானோரைப் பதிவுசெய்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஒலிப்பதிவுக் குழுக்கள் மதராஸுக்கும் வந்தன. பாடி முடித்த மெழுகுத் தட்டுகளைப் பெட்டியில் பஞ்சு வைத்துக் கட்டிக் கப்பலில் ஏற்றினார்கள். அவை ஜெர்மனியின் ஹானோவரில் உலோக அச்சாக மாறி, அரக்குத் தட்டுகளாகத் திரும்பி வந்தன. அக்காலத் தட்டுகள் பலவற்றில் பாட்டு முடிந்ததும் பாடியவர் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்வதைக் கேட்கலாம். கடல் கடந்த ஆலையில் முகமறியாத ஒருவர் சரியான பெயரை ஒட்ட வேண்டும் என்பதற்காகச் சொன்னது அது. இன்று கேட்கும்போது அந்த அறிவிப்புத்தான் பாட்டைவிடவும் நெருக்கமாகக் காதில் விழுகிறது. 1908-இல் கல்கத்தாவின் சியால்தாவில் ஆலை வந்தது; 1928-இல் டம்டம்மில் பெரிய ஆலை எழுந்தது. மெழுகின் கடல் பயணம் மெல்லத் தேவையில்லாமல் போயிற்று. தட்டுக்கு வேண்டிய அரக்கும் முன்பிருந்தே நம் நாட்டுக் காடுகளிலிருந்து உலகமெங்கும் போய்க்கொண்டுதான் இருந்தது.

அன்றைய தட்டில் என்ன விழுந்தது, என்ன விழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூம்பின் வழியே பதிவான தட்டு, மனிதக் குரலின் நடுப்பகுதியை நன்றாகவே பிடித்தது. சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 2,500 ஹெர்ட்ஸுக்கு மேலும் அதற்குக் காது கேட்காது. மிருதங்கத்தின் வலந்தலைச் சொற்கள் மங்கலாக வரும். தொப்பியின் கும்காரம் அறவே வராது. தம்பூராவின் ரீங்காரம் கரைந்துவிடும். 'ச', 'ஷ' போன்ற எழுத்துகள் மழுங்கும். 1925-இல் மின் ஒலிப்பதிவும் மைக்கும் வந்தபோது இந்த எல்லை இருமடங்குக்கும் மேல் விரிந்தது. அப்போதும் மெழுகு மெழுகாகத்தான் இருந்தது, மூன்று நிமிடம் மூன்று நிமிடமாகத்தான் இருந்தது. பட்டு நெய்பவர் கோர்வையில் பிசகினால் ஊடையைப் பிரித்தெடுத்து, கரையைச் சரிசெய்து, மீண்டும் தறி நாடாவை ஓட்டலாம். மெழுகுக்கு முன் நின்றவருக்கு அந்தச் சலுகை இல்லை.

தனகோடி அம்மாளின் தங்கை காமாட்சி அம்மாளின் மகன்தான் காஞ்சிபுரம் நயினா பிள்ளை. 1889-இல் பிறந்து 1934-இல் மறைந்தவர். இயற்பெயர் சுப்பிரமணிய பிள்ளை. அவர் மேடையில் பாடிய காலம் முழுவதும் கிராமபோன் தொழில் தழைத்திருந்தது. அவர் பெரியம்மாவின் குரல் தட்டில் இருக்கிறது. ஆனால் நயினா பிள்ளையின் குரல் எந்தத் தட்டிலும் இல்லை. தென்னாட்டு லய சங்கீதத்தின் உச்சம் என்று பலராலும் போற்றப்பட்ட ஒருவரின் குரல் எப்படி இருந்தது என்பதை இன்று யாராலும் காதால் கேட்டுச் சொல்ல முடியாது.

அவருடைய கச்சேரியை நினைத்துப் பார்த்தால் அது தட்டில் எப்படி அடங்கியிருக்கும் என்றே தோன்றுகிறது. 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்று பெயர். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறைய வித்வான்கள். கஞ்சிராவில் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை, கொன்னக்கோலில் மன்னார்குடி பக்கிரியா பிள்ளை போன்ற ஜாம்பவான்கள். கடினமான தாளங்களில் பல்லவி. சிக்கலான சந்தங்களில் திருப்புகழ். ஸ்வரம் பாடும்போது ஒவ்வொரு லய வித்வானும் முறைவைத்துப் பதில் சொல்லி, ஒன்றாகக் கூடித் தீர்மானத்தில் விழ வேண்டும். இதற்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். கூம்பின் முன்னால் அத்தனை பேரும் உட்கார இடமே இல்லை; உட்கார்ந்தாலும் தட்டில் விழுவது பாட்டும் வயலினும் மட்டும்தான். அவருடைய கலையின் உயிர், அன்றைய கருவிக்குக் கேட்காத பகுதியில் இருந்தது.

அந்தக் கலை காதுகளின் வழியே கடத்தப்பட்டது. வீணை தனம்மாளின் பேத்தி டி. பிருந்தா சிறுமியாகக் காஞ்சிபுரம் வந்து நயினா பிள்ளையிடம் பயின்றார். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவரிடம் குருகுலவாசம் செய்தார். இதே ஊரில் 1919-இல் பிறந்த தாமல் கிருஷ்ணசுவாமி பட்டம்மாள், நயினா பிள்ளை நடத்திய தியாகராஜர் உற்சவக் கச்சேரிகளைக் கேட்டுக் கேட்டே பல்லவியின் கணக்கை மனத்தில் வாங்கிக்கொண்டார். பெண்கள் மேடையில் ராகம்-தானம்-பல்லவி பாடுவது வழக்கமில்லாத காலத்தில் அதைப் பாடி, 'பல்லவி பட்டம்மாள்' என்று பெயரெடுத்தார். 1932-இல், பதின்மூன்று வயதில், மதராஸ் ரசிக ரஞ்சனி சபாவில் முதல் கச்சேரி. ஆனால் தமிழ்நாட்டின் வீடுகளுக்குப் பட்டம்மாளைக் கொண்டுசேர்த்தவை மூன்று நிமிடத் தட்டுகள்தான். பாரதியார் பாடல்களை அவர் பாடிய தட்டுகள் சங்கீதமே கேட்டறியாத வீடுகளிலும் ஒலித்தன. பல்லவி காதுவழி அவரிடம் வந்தது. பாட்டுகள் தட்டுவழி மக்களிடம் போயின. இந்த இரண்டு பாதைகளும் ஒரே ஊரில், ஒரே மனுஷியில் சேர்ந்தன என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

தட்டு வாங்க முடிந்த வீடுகள் அன்று மிகச் சில. சாவி கொடுக்கும் கிராமபோன் பெட்டி, வசதி படைத்தவர் கூடத்தில் திருவிளக்குக்கு அடுத்த மதிப்போடு இருந்தது. ஒலிப்பெட்டியின் எடை மொத்தமும் ஊசி முனையில் இறங்கும். நூறு கிராமுக்குக் குறையாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் புது எஃகு ஊசி மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் தடத்தை ஊசி தின்றுவிடும்; மாற்றினாலும் சற்றுத் தின்னத்தான் செய்யும். பாட்டைக் கேட்பதும் பாட்டைத் தேய்ப்பதும் ஒரே செயல் என்பதால், விசேஷ நாளுக்கென்று எடுத்து வைத்த தட்டுகள் இருந்தன. கைதவறினால் அரக்குத் தட்டு கண்ணாடிபோல் உடையும். இன்று வினைல் தட்டின் மேல் இறங்கும் ஊசியின் எடை 2 கிராம் அளவுதான்; தட்டு நூறு முறை ஒலித்த பிறகும் தடம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது.

ஊருக்குப் பாட்டைப் பொதுவாக்கியது சவுண்ட் சர்வீஸ். 1950களுக்குப் பின் கல்யாணம், காதுகுத்து, கோயில் விழா எதுவானாலும் கூம்பு ஒலிபெருக்கியைத் தென்னை மரத்தில் கட்டி, மரப்பெட்டியில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்து உட்காரும் இளைஞர்தான் அந்தத் தெருவின் சங்கீத அதிகாரி. முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு, பிறகு பக்திப் பாட்டுகள், பொழுது ஏற ஏற சினிமாப் பாட்டு என்று எழுதப்படாத வரிசை ஒன்று உண்டு. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் பாவு நீட்டும் தெருவிலும், தறிக்குழியில் கால் மிதிக்கும் வீட்டுக்குள்ளும் அந்தப் பாட்டு கேட்கும். யாரும் அதற்கென்று உட்காரவில்லை. எல்லோர் காதிலும் விழுந்தது. ஊசியை எங்கே வைத்தால் எந்தச் சரணம் வரும் என்று தடத்தின் நிறம் பார்த்தே சொல்லிவிடக்கூடியவர்கள் அந்தத் தொழிலில் இருந்தார்கள். அந்தத் திறமைக்கு இன்று வேலை இல்லை.

1948-இல் அமெரிக்காவில் அறிமுகமான எல்.பி. தட்டு, பிறகு இங்கும் வந்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல். அதோடு ஒலிநாடாவும் வந்தது. இப்போது பாடகர் நாடாவில் பாடினார். பிசகிய இடத்தைத் திரும்பப் பாடினார். ஒலிப்பதிவாளர் நாடாவை வெட்டி ஒட்டினார். அதிலிருந்து தட்டு உருவானது. 1963-இல் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் எச்.எம்.வி. எல்.பி.யாக வந்தது, வைகறையில் கோயில்களிலும் வீடுகளிலும் ஒரே குரல் கேட்கத் தொடங்கியது. தட்டு இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. இருபது நிமிடத்தில் ஒரு ராகத்தை ஆலாபனையோடு, நிரவலோடு கேட்கலாம் என்பதும் நாடா தந்த வரம். நாடா வந்ததால் சங்கீதம் கெட்டது என்று பழைய சேகரிப்பாளர்கள் சிலர் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. மூன்று நிமிடச் சட்டத்துக்குள் நெருக்கப்பட்ட கீர்த்தனைகள் மூச்சுவிட்டது அப்போதுதான்.

ஆனால் ஒன்று போனது. தட்டு இனி ஒரு முழு நிகழ்வின் சாட்சி அல்ல. பல நிகழ்வுகளின் தேர்ந்தெடுத்த பகுதிகளால் ஆன ஒரு பொருள். நாடாவுக்கே உரிய இரைச்சலும், பிரதியிலிருந்து பிரதி எடுக்கும்போது ஏறும் மங்கலும் அதில் கலந்தன. இந்த இரண்டு குறைகளும் சேர்ந்து 1970களில் ஒரு எதிர்வினையைப் பிறப்பித்தன. கலிபோர்னியாவின் ஷெஃபீல்ட் லேப் நிறுவனத்தில் டக் சாக்ஸும் லிங்கன் மேயோர்காவும் நாடாவை ஒதுக்கிவைத்துவிட்டு, மைக்கிலிருந்து வரும் ஒலியை நேராக வெட்டு இயந்திரத்துக்கு அனுப்பினார்கள். மெழுகின் இடத்தில் அலுமினியத் தகட்டின் மேல் பூசிய லாக்கர். ஒரு பக்கம் முழுவதும், பாட்டுக்குப் பாட்டு இடைவெளி உட்பட, நிற்காமல் வாசிக்க வேண்டும். ஹாரி ஜேம்ஸின் பெரிய இசைக்குழு 1976-இல் அப்படி வாசித்த தட்டு இன்றும் தேடப்படுகிறது. ஒரு லாக்கரிலிருந்து எடுக்கக்கூடிய அச்சுகளுக்கு எல்லை உண்டு. அவை தேய்ந்தால் அந்தப் பதிப்பு அத்தோடு முடிந்தது. தட்டு அரிதானதற்கும் விலை ஏறியதற்கும் அது காரணம்.

நான் முதலில் இத்தகைய தட்டு ஒன்றை நல்ல கருவியில் கேட்டபோது வியந்தது ஒலியின் தெளிவைக் கண்டு அல்ல. வாசிப்பவர்களிடம் இருந்த ஒரு விழிப்பு. பக்கம் முடிய இன்னும் சில நிமிடம் இருக்கிறது, இதுவரை யாரும் தவறவில்லை என்ற அறிதல் அவர்கள் விரல்களில் இருப்பதுபோல் இருந்தது. அதே விழிப்பைப் பழைய 78 சுற்றுத் தட்டுகளிலும் கேட்கலாம். சரணத்தின் கடைசி வரியில் காலம் சற்றே விரைவாகும். பாடகருக்கு மெழுகு முடிகிறதென்று தெரியும்.

காஞ்சிபுரத்துக்கும் இந்த உயர்தர ஒலி உலகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் வாட்டர் லில்லி அகௌஸ்டிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் நாடாவைப் பயன்படுத்தினார். ஆனால் இரண்டே மைக்கை ஓரிடத்தில் வைத்து, ஒரு தேவாலயத்தின் இயல்பான எதிரொலியோடு, வெட்டி ஒட்டாமல் பதிவுசெய்வதே அவர் முறை. விஸ்வமோகன் பட்டும் ரை கூடரும் 1992-இல் சேர்ந்து வாசித்த அவருடைய பதிவு 1994-இல் கிராமி விருது பெற்றது. மறு ஆண்டு அதே நிறுவனம் வெளியிட்ட 'மும்தாஜ் மஹால்' பதிவில் சித்திரவீணை ரவிகிரணும் வாசித்திருக்கிறார். அவர் டி. பிருந்தாவிடம் பயின்றவர். எந்தத் தட்டிலும் குரலை விடாத நயினா பிள்ளைக்கும், உலகெங்கும் ஒலி ரசிகர்கள் தங்கள் கருவிகளைச் சோதிக்க எடுத்துப் போடும் பதிவுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு ஆசிரியை.

நேரடித் தட்டு இப்போதும் வெட்டப்படுகிறது. 2014 செப்டம்பரில் சைமன் ராட்டிலின் தலைமையில் பெர்லின் பில்ஹார்மோனிக் பிராம்ஸின் நான்கு சிம்பொனிகளையும் கச்சேரியாகவே வாசித்தபோது, வெட்டு இயந்திரத்தை அரங்கத்துக்கே கொண்டுவந்து நேரடியாகத் தட்டில் ஏற்றினார்கள். பிராம்ஸ் பிறந்த ஆண்டை நினைத்து 1,833 பிரதிகள் மட்டும். அந்த வேலையைச் செய்தது எமில் பெர்லினர் ஸ்டுடியோஸ். தட்டையான இசைத்தட்டைக் கண்டுபிடித்த எமில் பெர்லினரின் பெயர் அது; அவர் பிறந்த ஊர் ஹானோவர். நம் ஊர்க் குரல்கள் மெழுகில் கப்பலேறிப் போன அதே ஹானோவர். ஆனால் இந்த முறைக்கு அடியில் இருக்கும் தொழில் மிக மெலிந்துவிட்டது. 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்தபோது, உலகம் முழுவதற்கும் லாக்கர் தகடு செய்ய ஜப்பானில் ஒரே ஒரு நிறுவனம் மிஞ்சியது. நயினா பிள்ளை காலத்தில் மெழுகுக்குப் பஞ்சம் இல்லை; அதில் நீண்ட நேரம் பாட இடமில்லை. இன்று நேரத்துக்குப் பஞ்சம் இல்லை, தகடுதான் அரிது.

இன்றைய காஞ்சிபுரத்தில் பாட்டு கேட்பது கைப்பேசியில்தான். தறி ஓட்டுபவரின் காதில் சிறு கருவி. அவர் கேட்பது அடுத்த தறிக்காரருக்குத் தெரியாது. கோயில் வாசலில் சிறு பெட்டி ஒன்று ஊசியும் தட்டும் இல்லாமல் நாள் முழுவதும் பாடுகிறது. தட்டு சேகரிப்பவர்கள் மிகச் சிலர். அவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் சென்னையில் கிடைக்கும். 1985-இல் எரிந்துபோகும் வரை மூர் மார்க்கெட் அதற்குப் பெயர்போன இடம். இப்போது பழைய பொருள் வியாபாரிகளிடமும் இணையத்திலும் தேட வேண்டும். புதிய இறக்குமதி எல்.பி. ஒன்றின் விலை அதிகம். பல ஆண்டு இடைவெளிக்குப் பின் மும்பைப் பகுதியில் மீண்டும் வினைல் அச்சடிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த விலை இறங்கும் என்று நம்பலாம்.

தட்டை வைத்திருப்பவருக்கு அன்றைய கவலைகள் கொஞ்சம் உருமாறித் தொடர்கின்றன. சித்திரை வெயிலில் வினைல் வளையும்; படுக்கவைக்காமல் நேராக நிறுத்தி வைக்க வேண்டும். அரக்குத் தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் தட்டே கரையும். வினைலைத் துடைக்கும் திரவத்தை மறந்தும் அதில் படவிடக் கூடாது. ஆனால் அன்று இல்லாத ஒரு செல்வம் இன்று இருக்கிறது. வி.ஏ.கே. ரங்காராவ் போன்றவர்கள் வாழ்நாள் முழுதும் பாடுபட்டுச் சேர்த்த 78 சுற்றுத் தட்டுகளும், விக்ரம் சம்பத் தொடங்கிய இந்திய இசை ஆவணக் காப்பகம் எண்மத்துக்கு மாற்றிய பழைய பதிவுகளும், முன்பு செல்வர் கூடத்தில் மட்டும் ஒலித்ததைக் காசில்லாமல் எவர் காதுக்கும் கொண்டுவருகின்றன. தனகோடி அம்மாள் காலத்தில் அவர் தட்டைக் கேட்டவர்களைவிட, இன்று ஒரு நாளில் அதைத் தேடிக் கேட்கக்கூடியவர்கள் அதிகம்.

பழைய தட்டுகளை எண்மத்துக்கு மாற்றும் வேலையில் மிகுந்த பொறுமை கேட்கும் ஒன்று உண்டு. அந்தத் தொடக்ககாலத் தட்டுகள் எல்லாம் 78 சுற்றில் வெட்டப்பட்டவை அல்ல. அந்த எண் பின்னால் நிலைபெற்றது. 74 சுற்றில் வெட்டியதை 78-இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய ஒரு அரைச் சுரம் ஏறிவிடும். குரல் இயல்பைவிட இளமையாகவும் வேகமாகவும் ஒலிக்கும். பல தட்டுகள் அப்படித்தான் இணையத்தில் கிடக்கின்றன. அக்கறையுள்ள சேகரிப்பாளர்கள் வயலினின் நாதத்தையும், பாடகரின் மூச்சு எடுக்கும் இயல்பையும், அந்தப் பதிவுக் குழுவின் மற்றத் தட்டுகளையும் ஒப்பிட்டு, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கேட்கிறார்கள். ஏதோ ஒரு சுற்றில் கமகம் அவசரம் நீங்கி நிதானப்படுகிறது. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த தட்டை எடுக்கிறார்கள்.